கொட்டாப்புளியின் கைப்பிடி

டக். டக். டக். டொப்.

சாத்தியிருந்த கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது சத்தம். சவரிமுத்து தெருவிலேயே நின்று கேட்டான். வைத்தியர் நெஞ்சைத் தட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

டக். டொப். டொப்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"மதாம், ஒண்ணு கேக்கணும். நாம செய்யற இந்த வேலை பொய்தானே?"

குமுதவல்லி நிமிரவில்லை. ஒரு பழைய இழுப்பறை மேசையின் மேற்பலகையில் காதை வைத்துக் குனிந்திருந்தாள். நடுவிரல் கணு கொஞ்சம் நகர்ந்து மறுபடி தட்டியது. டக்.

"செருப்பு," என்றாள்.

கழற்றி வாசலில் போட்டுவிட்டு வந்தான்.

"இப்பக் கேளுங்க அண்ணே."

புதுச்சேரியில் பழைய மரச்சாமான்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள் குமுதவல்லி. அதிலும் வெனீர் ஒட்டிய சாமான்கள்தான் அவளிடம் வரும். மலிவான மரத்தில் மேசையைச் செய்து, உயர்ந்த மரத்தை நகக்கனத்துக்குச் சீவி மேலே ஒட்டி, அதிலேயே பூவும் கொடியும் பதித்திருப்பார்கள். அந்தத் தோல் உரிந்தால், உப்பினால், வெடித்தால் இவளிடம் கொண்டுவருவார்கள். இவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குப்பைக்குப் போக இருந்தவற்றை வாங்கிவந்து, பிரித்துப் பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டு கற்றாள்.

சவரிமுத்து கதவு தச்சன். தோள்பட்டை மக்கர் செய்ய ஆரம்பித்ததும் கனமான கதவுகளைத் தூக்க முடியவில்லை. தன்னைவிடச் சின்னவளிடம் வந்து, "எனக்கும் கத்துக்கொடும்மா," என்றான். முதல் நாளே அவள் வெள்ளைக்காரத் துரைசானி மாதிரி விரல் நீட்டி வேலை ஏவினாள். அன்றைக்கு வாயில் வந்த 'மதாம்' அப்படியே நின்றுவிட்டது.

"மேல பாத்தா ஈட்டி மரம்," என்றான். "உள்ள? பேரே தெரியாத ஏதோ ஒரு மரம். என் கதவை இந்தப் பக்கம் வெட்டினாலும் தேக்கு, அந்தப் பக்கம் வெட்டினாலும் தேக்கு."

"உங்க கதவை எதுக்கு வெட்டணும்?"

"பேச்சுக்குச் சொன்னேன்."

"வீட்ல என்ன சண்டை?"

"சண்டையெல்லாம் இல்லையே."

"வந்ததும் வராததுமா மரத்துமேல கோவப்படுறீங்க. சண்டைதான். வச்சிரத்தைக் கிண்டிக்கிட்டே சொல்லுங்க, அடிபிடிக்கப்போகுது."

மூலையில், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த சின்னப் பாத்திரத்தில் வச்சிரம் உருகிக்கொண்டிருந்தது. மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த பசை. அந்த வாடைக்கு முதல் வாரம் முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது வீட்டில் அது இல்லாவிட்டால்தான் என்னவோ போல இருக்கிறது.

குச்சியை எடுத்துக் கிண்டினான்.

"வினோலியாவுக்குக் கல்யாணம் வருதில்ல."

"ஆமா."

"மாதா கோயில் வாசல்லேருந்து பீடம் வரைக்கும் பொண்ணைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். என்னைப் போகச் சொல்றா அமலோற்பவம்."

"நல்லதுதானே?"

"அவ அப்பா நடக்கவேண்டிய இடம் மதாம் அது."

அமலோற்பவம் அவன் மனைவி. முதல் கணவனை இழந்தவள். மகள் வினோலியா படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகுதான் அமலோற்பவத்தைக் கட்டிக்கொண்டான். அதற்கு முன்னால் அவனுக்கென்று யாரும் இருந்ததில்லை. வினோலியா அவனைச் "சார்" என்றுதான் கூப்பிடுவாள். காலையில் அவள் ஸ்கூட்டரைத் துடைத்து நிழலில் நிறுத்தி வைப்பான். "தேங்க்ஸ் சார்." சாப்பாட்டு டப்பாவில் ஊறுகாய் சோற்றில் கலக்காதபடி வாழையிலைத் துண்டில் தனியாக மடித்து வைப்பான். "தேங்க்ஸ் சார்."

மரியாதையான பெண். அதுதான் கஷ்டம்.

"பொண்ணு என்ன சொல்லுது?"

"சரின்னும் சொல்லல. வேணாம்னும் சொல்லல. தட்டை எடுத்துக்கிட்டுக் கழுவப் போயிட்டா."

"நீங்க?"

"மாட்டேன்னுதான் சொல்லப்போறேன். ஊரே பாத்துக்கிட்டிருக்கும். மேல பாத்தா அப்பா. உள்ள யாரோ ஒரு கதவு தச்சன்." மேசையைக் குச்சியால் சுட்டிக் காட்டினான். "இது மாதிரி."

குச்சியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

அந்த மேசையும் வினோலியாவுடையதுதான். அவள் அப்பா வாங்கிப் போட்டது. புது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று, சீர் பண்ண அனுப்பியிருந்தாள். கறுத்த ஈட்டிமரப் பரப்பின் நடுவில் வெளிர்மரத்தில் ஒரு பூ. ஐந்து இதழ். ஒவ்வோர் இதழின் ஓரத்திலும் மெல்லிய பழுப்பு நிழல். அசப்பில் பார்த்தால் யாரோ இப்போதுதான் பறித்து வைத்த மாதிரி இருக்கும்.

குமுதவல்லி எழுந்து இடம் விட்டாள்.

"தட்டுங்க."

தட்டினான். டக்.

"என்ன?"

"ஒட்டியிருக்கு."

"இங்க?"

டொப்.

"பொக்கு. அடியில விட்டுப்போச்சு."

"எந்த மரத்துமேல எந்த மரம்னு சத்தம் சொல்லுதா?"

மறுபடி தட்டிப் பார்த்தான். காதையும் வைத்துப் பார்த்தான்.

"சொல்லல."

"ம்."

அவ்வளவுதான் பதில். ஈரத்துணியைப் பொக்கு மேல் விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். உஸ்ஸென்று ஆவி எழும்பியது. துணியை எடுத்துவிட்டு மரக்கட்டையால் அழுத்திப் பிடித்தாள்.

"புதுப் பசை வேணாமா?"

"உள்ளயே இருக்கு அண்ணே. காஞ்சு கெடக்கு, அவ்வளவுதான்."

கட்டைக்கு மேல் ஓர் இரும்புக் கனத்தைத் தூக்கி வைத்தாள். வச்சிரம் தீர்ந்துகொண்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினாள்.

"நான் வர்ற வரைக்கும் கிண்டிக்கிட்டிருங்க. வேற எதையும் தொடாதீங்க."

"சின்னப் பையனா நான்?"

"சின்னப் பையனா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

அவள் போன பிறகு கொஞ்ச நேரம் கிண்டினான். பிறகு அடுப்பை அணைத்தான். பிறகு மேசையைச் சுற்றி வந்தான்.

பூவின் ஓர் இதழில் மைக்கறை இருந்தது. கட்டைவிரல் அளவுக்கு, நீலமாய். வினோலியாவின் அப்பா இந்த மேசையில் உட்கார்ந்து எழுதும்போது கொட்டியிருப்பார் போல.

கல்யாணப் பெண்ணின் மேசையில் கறை எதற்கு? அதையாவது நாம் செய்து கொடுக்கலாம். கோயிலில் கூடப் போகமாட்டேன் என்று சொல்லப்போகிறோம். கறையாவது போகட்டும்.

உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றிக்கொண்டான்.

கதவில் கறை இருந்தால் போகிறவரை தேய்க்க வேண்டும். அதற்கு வேறு யோசனையே கிடையாது. தேய்க்கத் தேய்க்க அடியில் மரம் வந்துகொண்டே இருக்கும். வயது முழுக்க அப்படித் தேய்த்த கை.

நீலம் மங்கியது. இன்னும் கொஞ்சம். வெளிறியது. இன்னும் இரண்டு இழுப்பு.

கறை போய்விட்டது.

இதழும் போய்விட்டது.

பூவின் நடுவில் சாம்பல் நிறத்தில் வேறொரு மரம் அவனை நிமிர்ந்து பார்த்தது.

குமுதவல்லி திரும்பி வந்தபோது அவன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். உப்புத்தாள் இன்னும் கையில் இருந்தது. அவள் பையைக் கீழே வைத்தாள். மேசையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"கறை போயிடுச்சா?"

"போயிடுச்சு மதாம்."

"நல்லாவே போயிருக்கு."

"கதவுல அடியில இன்னும் மரம் இருக்கும்... அந்தப் பழக்கத்துல..."

"தெரியும்."

"ஏதாவது திட்டிடு மதாம்."

"மேல இருக்கிறது பொய்யின்னீங்களே. உள்ள இருக்கிறதுதான் இப்ப வெளிய வந்திருக்கு. நல்லாப் பாத்துக்கங்க."

விரலை நீரில் தொட்டு அந்தச் சாம்பல் இடத்தில் தடவினாள். ஈரம் பட்டதும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரிந்தன. மேசை முழுக்க அப்படித்தான் இருக்கும் போல. பூனை பிறாண்டியது மாதிரி.

சவரிமுத்து முகத்தைச் சுளித்தான். "எவனோ வேலை தெரியாதவன். பலகையைக் கீறிப் பாழாக்கி வச்சிருக்கான்."

"வேலை தெரிஞ்சவன்தான். வழவழன்னு இழைச்சு முடிச்சிட்டு, பல்லு வச்ச இழைப்புளியால வேணும்னே கீறியிருக்கான்."

"எதுக்கு?"

"வழவழன்னு இருந்தா ஒட்டாது அண்ணே."

அவன் அந்தக் கீறல்கள் மேல் விரலை ஓட்டினான். ஒரு தரம். திரும்பவும். ஈரம் காய்ந்து கோடுகள் மறைகிற வரை ஓட்டிக்கொண்டே இருந்தான்.

பிறகு கேட்டான். "சரிபண்ண முடியுமா?"

குமுதவல்லி மரத்துண்டுகள் போட்டு வைத்திருந்த தகரப் பெட்டியைக் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பூவின் பக்கத்தில் வைத்தாள். ஒன்று ரொம்ப வெள்ளை. ஒன்று ரொம்பச் சிவப்பு. ஒன்றில் ரேகை தடித்திருந்தது. வைத்தாள், எடுத்தாள். கடைசித் துண்டையும் வைத்து எடுத்தாள்.

"இந்த நிறம் என்கிட்ட இல்ல."

"கடையில?"

"புதுசாத்தான் கிடைக்கும். இது கைபட்டு, வருஷம் பட்டு ஏறின நிறம்."

அவள் வச்சிரத்தை ஊறவைக்கப் போய்விட்டாள். வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாளோ என்னவோ, அவனுக்குத் தெரியாது.

சவரிமுத்து எழுந்து தன் கருவிப் பையைத் திறந்தான். உளிகளைத் தட்டுகிற கொட்டாப்புளியை எடுத்தான். புளியமரம். தலையும் கைப்பிடியும் ஒரே துண்டில் அவனே செதுக்கியது. எத்தனையோ வீட்டுக் கதவுகள் இதனால் நின்றன. பிடித்துப் பிடித்துக் கைப்பிடி மட்டும் தேன் நிறத்துக்கு வந்திருந்தது.

கைப்பிடியைப் பூவின் பக்கத்தில் வைத்தான்.

குமுதவல்லி திரும்பிப் பார்த்தாள். கிட்ட வந்தாள். மற்ற நான்கு இதழ்களையும் கைப்பிடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கிட்டத்தட்ட வருது," என்றாள். "அப்படியே வராது. கொஞ்சம் கூடுதலாத்தான் தெரியும்."

"தெரிஞ்சாப் பரவால்லியா?"

"எனக்குப் பரவால்ல. இதுல ஒரு பக்கத்தைச் சீவினா அப்புறம் உங்க கைக்குச் சரியா உக்காராதே?"

"உக்காராது."

"அப்புறம்?"

"கை பழகிக்கும் மதாம்."

அவள் மெல்லிய ரம்பத்தை எடுத்து நீட்டினாள். அவளே அறுத்திருக்கலாம். அறுக்கவில்லை.

சவரிமுத்து கைப்பிடியை இடுக்கியில் இறுக்கினான். முதல் இழுப்பில் பல்லைக் கடித்தான். தேன் நிறத் தோல் நகக்கனத்துக்குச் சுருளாமல் வந்தது. அதில் இதழை வரைந்து அறுத்தான். சட்டியில் மணலைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி, குமுதவல்லி காட்டியபடி இதழின் ஓரத்தை அதில் செருகி எடுத்தான். பழுப்பு நிழல் விழுந்தது.

"கடலை வறுக்கிற மாதிரியே இருக்கு மதாம்."

"கருகவிட்டா கடலைதான். எடுங்க, எடுங்க!"

எடுத்துவிட்டான். குழியில் வைத்துப் பார்த்தான். பொருந்தியது. வச்சிரக் குச்சியை எடுக்கப் போனான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பின்பக்கம்?"

"என்ன பின்பக்கம்?"

"வழவழன்னு இருக்கே."

அவன் இதழைத் திருப்பிப் பார்த்தான். அவனுடைய சொந்த மரம். உளியின் முனையை அதில் வைத்துவிட்டுச் சற்றுநேரம் அப்படியே இருந்தான். பிறகு கீறினான். குறுக்காக. நெடுக்காக.

"என்ன அண்ணே?"

"ஒண்ணுமில்ல. நம்மளயே கீறிக்கிற மாதிரி இருக்கு."

"ம்," என்றாள் குமுதவல்லி. "இன்னும் கொஞ்சம்."

அன்று வீட்டுக்குப் போனதும் அமலோற்பவம் கேட்டாள். "என்னங்க, யோசிச்சீங்களா? கோயில் சாமியாருக்குச் சொல்லணும்."

"மேசை முடியட்டும்."

"மேசைக்கும் இதுக்கும் என்ன?"

"முடியட்டுமே."

"அந்த மேசையையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க," என்றாள். இருந்தாலும் மீன்குழம்பில் நடுத்துண்டை அவன் தட்டில்தான் போட்டாள். வினோலியா ஒன்றும் பேசாமல் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தாள். அவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மேசை காய்ந்து, மெருகேறி முடிந்த அன்று சாயங்காலம் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. சவரிமுத்து வச்சிரப் பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஸ்கூட்டர் சத்தம் அவனுக்குத் தெரியும். தினமும் துடைக்கிற வண்டி.

குமுதவல்லி பின்கட்டுக்குப் போனாள். "எனக்கு வேலை இருக்கு," என்றாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது.

வினோலியா செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். மேசையைச் சுற்றி வந்தாள். இழுப்பறையைத் திறந்து மூடினாள். சிரித்தாள். பூவின் மேல் கையை வைத்தாள்.

கை நின்றது.

"மைக்கறை எங்க?"

சவரிமுத்து எழுந்து நின்றான். கிண்டுகிற குச்சி கையிலேயே இருந்தது.

"நான்தான் தேச்சேன். மதாம் தொடாதேன்னுதான் சொன்னாங்க. உனக்கு நல்லாயிருக்குமேன்னு... தேச்சதுல இதழே போயிடுச்சு. உங்க அப்பா கொட்டின மை. தப்புதான்மா. அதுக்குப் பதிலா வேற மரம் ஒட்டியிருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். நான்கு இதழ் ஒரு நிறம். ஐந்தாவது ஒரு மாற்று கூடுதல்.

"அது அப்பா கொட்டினது இல்ல சார்."

"ஆங்?"

"நான் கொட்டினது. ஒண்ணாங் கிளாஸ்ல. பூவுக்கு நீலக் கலர் அடிக்கலாம்னு." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பா எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பாரு, உப்புப் போட்டுத் தேய்ப்பாரு. ஞாயித்துக்கிழமையானா இதான் வேலை அவருக்கு. அம்மா கத்துவாங்க, தேச்சுத் தேச்சு மேசையைத் தின்னுடப் போறீங்கன்னு."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவருக்குப் போகவே இல்ல," என்றாள்.

"எலுமிச்சம்பழத்துக்கெல்லாம் மை போகாது," என்றான்.

வினோலியா அந்த இதழைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இது என்ன மரம்?"

"புளி."

"எங்க கிடைச்சுது?"

அவன் கண் மேசையடிக்குப் போனது. பின்கட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"கைப்பிடி!"

"என்ன கைப்பிடி?" என்றாள் வினோலியா.

மேசையடியில் கருவிப் பை திறந்து கிடந்தது. கொட்டாப்புளி மேலாகவே இருந்தது. கைப்பிடியில் ஒரு பக்கம் சீவி வெளுத்திருந்தது. அந்தப் பக்கத்தில் அவன் பழந்துணியைச் சுற்றி நூலால் கட்டியிருந்தான். கட்டு இன்னும் சரியாகப் பழகவில்லை. அவன் வலது உள்ளங்கையில் ஒரு கொப்புளம்.

அவள் கொட்டாப்புளியைப் பார்த்தாள். இதழைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள்.

பிறகு நடுவிரலை மடக்கி இதழின் மேல் தட்டினாள். அப்பாவிடம் கற்றிருப்பாளோ, சும்மாதான் தட்டினாளோ.

டக்.

பக்கத்து இதழில் தட்டினாள்.

டக்.

மறுபடி புது இதழில்.

சவரிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

டக்.

வினோலியா நிமிர்ந்தாள்.

"கோயில்ல நீங்க எனக்கு வலப்பக்கம் நடப்பீங்களா, இடப்பக்கமா? அதுக்குத் தகுந்த மாதிரிதான் நான் பூச்செண்டு பிடிக்கணும்."

அவன் இரண்டு கையையும் பார்த்தான். ஒன்றில் குச்சி, ஒன்றில் கொப்புளம்.

"வலப்பக்கம்," என்றான். "இடக்கைதான் ஒழுங்கா இருக்கு."

"சரி சார்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

குமுதவல்லி பின்கட்டிலிருந்து தலையை நீட்டினாள்.

"அண்ணே, அடிபிடிக்குது."

சவரிமுத்து உட்கார்ந்து, வச்சிரத்தைக் கிண்டத் தொடங்கினான்.